கோல்ட் ஏர் இன்டேக் மாட்டப் போறீங்களா? முதல்ல பைப்போட வாய் எங்கே இருக்குன்னு பாருங்க!

கறுப்பு பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினிய பைப்பும் சிவப்பு நிறக் கூம்பு ஃபில்டரும் மாட்டும் ரீல்ஸைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் 'உஷ்ஷ்ஷ்' என்று ஒரு சத்தம். 'நம்ம வண்டிக்கும் ஒண்ணு போட்டா என்ன?' என்று கை பரபரக்கும். போடலாம். ஆனால் அந்த பைப்பின் வாய் எங்கே போய் முடிகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

குளிர்ந்த காற்றில் என்ன ஸ்பெஷல்?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அதே இடத்தில் அதிக ஆக்சிஜன் அடங்கும். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு அதற்கேற்ப எரிபொருளைக் கூட்டும். பானெட்டுக்குள் 60 டிகிரியில் இருக்கும் காற்றை விட, வெளியே 30 டிகிரியில் இருக்கும் காற்று சுமார் 10 சதவீதம் அடர்த்தியானது.

அப்போ பவரும் 10 சதவீதம் ஏறுமா? அதுதான் இல்லை. பெரும்பாலான கார்களில் கம்பெனி ஃபிட்டிங்கே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. பானெட்டைத் திறந்து பாருங்கள்: ஏர் ஃபில்டர் டப்பாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் கிரில்லின் மேல்பக்கமோ ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ போகும். அதுவே ஒரு கோல்ட் ஏர் இன்டேக்தான்!

டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜினில் புது கிட் தருவது, அதுவும் அதிக ஆர்.பி.எம்மில், ஓரிரண்டு குதிரைத்திறன் இருந்தாலே பெரிய விஷயம். கிண்டி சிக்னலில் அது தெரியவே தெரியாது. தெரிவது சத்தம் மட்டும்தான். அதை அடக்கி வைத்திருந்த டப்பாவைத்தானே கழற்றிவிட்டோம்!

இன்னொரு காமெடியும் உண்டு. 'கோல்ட் ஏர்' என்று சொல்லி, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே ஃபில்டரைத் திறந்தபடி வைக்கும் கிட்களும் விற்கின்றன. டிராஃபிக்கில் அவை இழுப்பது சுடுகாற்றை. ஒரிஜினலை விட மோசம்.

மாட்டுவது எப்படி?

வேலை பெரிசில்லை. இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் டப்பாவில் உள்ள சென்சார் பிளக்கைப் பிரித்து, கிளாம்ப்களைத் தளர்த்தி, போல்ட்களைக் கழற்றினால் டப்பா வெளியே வந்துவிடும். த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். ஒரு சின்ன நட் உள்ளே விழுந்தால் கதை கந்தல்.

சிக்கல் வருவது திரும்ப மாட்டும்போதுதான். காற்றின் அளவைக் கணக்கிடும் எம்.ஏ.எஃப் சென்சார் உள்ள கார்களில், அதன் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். சென்சாருக்குப் பிறகு எங்காவது லீக் இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே போகும்; ஐடிலிங் ஏறி இறங்கும், 'செக் இன்ஜின்' லைட் எரியும். பிரீதர் ஹோஸை மாட்ட மறந்தாலும் இதே தலைவலிதான்.

மழையில் என்ன ஆகும்?

உண்மையான கோல்ட் ஏர் கிட்டில் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்குப் பக்கத்தில், கீழே இறங்கியிருக்கும். காற்று குளிர்ச்சியாக இருக்கும் இடம் அது. வெள்ளநீர் முதலில் எட்டும் இடமும் அதுவே. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சும். பிஸ்டனால் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை முடியாது. விளைவு: கனெக்டிங் ராடே வளைந்துவிடும். இதுதான் 'ஹைட்ரோலாக்'. இன்ஜினையே பிரிக்க வேண்டிய செலவு இது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பொதுவாக இதற்குப் பணம் தராது. 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் தேவை. அது இருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மை மறுக்க இன்னொரு காரணமாகிவிடும். தண்ணீரில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது, தள்ளிக்கொண்டுதான் வரணும்.

சட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. இன்ஜினில் பிரச்சினை என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், வாரன்டிக்கும் கேள்வி வரும்.

அப்போ என்னதான் பண்றது?

பழைய ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தூசி அடைத்திருந்தால் புதுசு மாற்றுங்கள். சில நூறு ரூபாய் வேலை. ஆசை தீராதவர்களுக்கு, ஒரிஜினல் டப்பாவுக்குள்ளேயே உட்காரும், கழுவிப் பயன்படுத்தும் பேனல் ஃபில்டர்கள் உண்டு. கழுவிய பிறகு ஆயில் தடவும் வகை என்றால் கை தாராளமாகப் போகக் கூடாது; மிஞ்சிய ஆயில் எம்.ஏ.எஃப் சென்சாரில் படிந்தால் அதன் கணக்கே தப்பும்.