தனி ஒலிநாடாவைப் படத்தோடு ஒத்தியங்கச் செய்வது எப்படி?

1965இல் கோடாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 வீட்டுப்படச் சுருளில் தொடக்கத்தில் ஒலித்தடம் இல்லாததால், பேச்சையும் இசையையும் தனி ஒலிநாடாவில் பதிந்து, புரொஜெக்டருடன் சேர்த்து ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே நொடியில் தொடங்கினாலும், சிறிது நேரத்தில் உதட்டசைவும் குரலும் விலகிவிடுவது ஏன்?

புரொஜெக்டர் மோட்டாரின் வேகம் மின்னழுத்தத்திற்கேற்ப மாறுவதும், நாடா தன் உருளைகளுக்கிடையே சற்றே வழுக்குவதுமே இதற்குக் காரணம். 50 அடிச் சுருளில் சட்டகங்கள் எனப்படும் தனிப்படங்கள் 3,600 உள்ளன. நொடிக்கு 18 சட்டகம் வீதம் அது 200 நொடி ஓடும் என்பதால், வேகத்தில் 1 விழுக்காடு பிழை நேர்ந்தாலே இறுதியில் 2 நொடி, அதாவது 36 சட்டகங்கள் விலகிவிடும்.

இதைத் தடுக்க, நாடாவின் ஒரு தடத்தில் ஒலியும், மற்றொன்றில் படப்பிடிப்பின்போது கேமரா சட்டகத்திற்கு ஒன்றாக அனுப்பும் மின்துடிப்பும் பதியப்படுகின்றன. திரையிடும்போது புரொஜெக்டரும் சட்டகத்திற்கு ஒரு துடிப்பைத் தர, மின்சுற்று ஒன்று இரு துடிப்புகளையும் ஒப்பிட்டு, படம் பிந்தினால் மோட்டாரை விரைவுபடுத்தியும் முந்தினால் தணித்தும் பிழை சேராமல் காக்கிறது. தொடக்கப் புள்ளியை மட்டும், கைதட்டலின் ஓசையையும் கைகள் சேரும் சட்டகத்தையும் பொருத்தி அமைத்துக்கொண்டால், நாடாவின் வேகம் சற்று மாறினாலும் படம் அதைத் தவறாமல் பின்தொடரும்.