பத்தடி அறையும் ஒரு சின்னப் பெட்டியும்

பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது, லயத்து வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்தது. அதில் தவில் அடிக்கு அடி பிரிந்து கேட்கும். பிறகு புக்கிட் ரோத்தானில் ஒரு தாமான் வீட்டுக்குக் குடிபோனோம். அங்கே அதே தவில் ‘கும்ம்ம்’ என்று இழுத்தது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். உண்மையில் மாறியிருந்தது சுவர்.

லயத்து வீட்டுச் சுவர் மெல்லிய பலகை. தாழ்ந்த ஒலி மோதினால் அதுவும் கூடவே அதிர்ந்து, அந்த ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். இன்னொரு பங்கு வெளியே கசிந்துவிடும். ஒரு வீட்டுப் பாட்டு நாலு வீட்டுக்குக் கேட்டது அதனால்தான். செங்கல் சுவரோ வந்ததை ஏறக்குறைய அப்படியே திருப்பி அனுப்பும். ஒலிப்பதிவுக் கூடங்களில் தாழ்ந்த ஒலியை அடக்க இன்று காசு கொடுத்து மெல்லிய பலகைத் தட்டிகளைச் செய்து மாட்டுகிறார்கள். லயத்தில் அது இலவசமாகக் கிடைத்தது!

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கை அதிர்வெண் என்கிறோம். அது 10,000 என்றால் ஓர் அலையின் நீளம் 3.5 செ.மீ., இரண்டு விரல் அகலம். 40 என்றால் 8.75 மீட்டர். தாமான் வீட்டு அறை பத்தடிக்குப் பத்தடி, அதாவது மூன்று மீட்டர் சொச்சம். அந்த அலை கால் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை.

இடமில்லாத அலை என்ன செய்யும்? காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்களுக்கு விடை தெரியும். நடையின் தாளம் வாளியின் தாளத்தோடு ஒத்துப்போனால் பால் இரு ஓரத்திலும் ஏறி ஏறி இறங்கும். நடுவில் அவ்வளவாக அசையாது. பத்தடி அறையின் தாளம் நொடிக்குச் சுமார் 57. அந்தச் சுருதி வந்தால் சுவரோரம் முழக்கம், நடு அறையில் ஏறக்குறைய மௌனம். இதற்கு நிலை அலை என்று பெயர். சதுர அறையில் நீளத்துக்கும் அகலத்துக்கும் ஒரே தாளம் என்பதால் தொல்லை இரட்டிப்பு. நாற்காலியைச் சுவரோடு ஒட்டாமல், நட்டநடுவிலும் போடாமல், மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போட்டாலே பாதித் தொல்லை தீரும்.

இனி ஸ்பீக்கர். 1970களில் பிபிசி பொறியாளர்களுக்கு இதைவிடச் சிறிய அறை ஒன்று வாய்த்தது: வெளிப்புற ஒலிபரப்பு வேன். அதற்காக அவர்கள் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஓரடி உயரம்தான். ஒரே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். ஐந்தங்குலக் கூம்பால் அது ஆகாது. அதனால் அடிமட்டத்தை விட்டுக்கொடுத்து, அதற்குச் சற்று மேலிருந்த பகுதியை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டார்கள். அறையைச் சீண்டும் சுருதிகள் பெட்டியிலேயே அடங்கிவிட்டன.

அப்படியானால் தாழ்ந்த ஒலி குறைவாகத் தெரியாதா? இங்கேதான் மூளை கை கொடுக்கிறது. பழைய தொலைபேசி 300 அதிர்வுக்குக் கீழே எதையும் கடத்தாது. ஆண் குரலின் அடிச்சுருதியோ 100, 120தான். ஆனாலும் தாத்தாவின் கட்டைக்குரல் கட்டைக்குரலாகவே கேட்டது. மேலே உள்ள கிளைச்சுருதிகளை வைத்து, வராத அடிச்சுருதியை மூளையே கணக்கிட்டுப் போட்டுக்கொள்கிறது.

ஆகவே சின்ன அறைக்கு ஐந்தங்குல வூஃபர் போதும். பின்னால் காற்றுக்குழல் வைத்த பெட்டி தாழ்ந்த ஒலியை ஓர் எல்லைவரை தாங்கிப் பிடித்துச் சட்டென்று கைவிடும். மூடிய பெட்டியில் அது மெல்லக் குறையும். சின்ன அறை அடிமட்டத்தைத் தானே தூக்கிக் கொடுப்பதால் என் ஓட்டு மூடிய பெட்டிக்கே. பழசு வாங்குபவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தையும் பார்க்க வேண்டும். நுரையால் ஆனது நம் ஈரக்காற்றில் காலப்போக்கில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் தாங்கும். அது பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான், நாம் வெட்டிய மரத்துப் பால் அல்ல.

வாங்கியாயிற்று, எங்கே வைப்பது? ஸ்பீக்கரை உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். தாழ்ந்த சுரங்கள் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ அதுவே ஸ்பீக்கரின் இடம். ஒலி போகும் வழியும் வரும் வழியும் ஒன்றே என்பதால் பேசுபவரும் கேட்பவரும் இடம் மாறிக்கொள்ளலாம். புக்கிட் ரோத்தான் வீட்டில் நான் அப்படித் தவழ்ந்தேன். அந்த இடம் மூலையை விட்டு மூன்றடி தள்ளி, ஜன்னலடியில் இருந்தது. தவில் மறுபடி அடிக்கு அடி பிரிந்தது.