கூடுதலாக இருக்கும் அந்த பிரெட் பழுதல்ல: பழைய கிட்டாரைத் திருத்தக் கொடுக்கும் முன்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நான் பார்த்த கிட்டார்களில் புதிதாகக் கடையில் வாங்கியவை குறைவு. வெளிநாட்டு வேலைக்குப் போய்வந்த மாமா கொண்டுவந்தது, கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் யாரிடமோ வாங்கி பஸ்ஸில் அனுப்பியது, கோயிலில் ஒதுக்கிப் போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். பெயர் அழிந்திருக்கும். யூடியூப்பில் காட்டும் கிட்டாரில் இல்லாத ஏதாவது இதில் இருந்துவிட்டால், 'இது பழுது' என்று வீடே முடிவெடுத்துவிடும்.

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அப்படியொரு கிட்டாரைப் பார்த்தேன். அம்மா கொழுந்தெடுத்துச் சேர்த்த காசில் மகன் வாங்கியது. நட்டை ஒட்டி ஒரு பிரெட் கூடுதலாக இருந்தது. பிரிட்ஜ் ஒட்டப்படாமல் நின்றது. கழுத்தின் அடியில் ஸ்குரூ தெரிந்தது. மூன்றையும் 'சரிசெய்ய' டவுனில் ஒருவர் கேட்ட தொகை, கிட்டாரின் விலையில் பாதிக்கு மேல். "ஏமாத்திட்டாங்களாக்கா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. யாரும் ஏமாற்றவில்லை. மூன்றுமே செய்தவர்கள் தெரிந்தே வைத்தவை.

முதலில் அந்தக் கூடுதல் பிரெட். இதற்கு சீரோ பிரெட் என்று பெயர். சாதாரண கிட்டாரில், தலைப்பகுதி தொடங்கும் இடத்திலுள்ள நட் என்ற சிறு துண்டு இரண்டு வேலை செய்கிறது. தந்திகளுக்கு இடையிலான தூரத்தைக் காக்கிறது. அவற்றின் உயரத்தையும் தீர்மானிக்கிறது. உயரம் சரியாக வர வேண்டுமானால் ஆறு பள்ளங்களையும் ஒவ்வொன்றாக அளந்து அராவ வேண்டும். நேரம் பிடிக்கும், கைப்பழக்கம் வேண்டும். சீரோ பிரெட் இருந்தால் தந்திகள் அதன்மேல் கிடக்கும், உயரம் தானாக வந்துவிடும். நட்டுக்குத் தூரத்தைக் காக்கும் வேலை மட்டும்தான். மலிவு கிட்டார் செய்பவர்களுக்கு இது வசதி. ஆனால் மலிவின் அடையாளம் என்று சொல்லிவிட முடியாது. 1930களில் பிரான்சின் செல்மர் நிறுவனம் மாரியோ மக்காஃபெரியின் வடிவமைப்பில் செய்த, ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்துப் புகழ்பெற்ற கிட்டார்களிலும் சீரோ பிரெட் உண்டு. 'குயீன்' குழுவின் பிரையன் மே தன் அப்பாவுடன் சேர்ந்து வீட்டில் செய்த கிட்டாரிலும் உண்டு.

அதைப் பிடுங்கினால் என்ன நடக்கும்? தந்தியின் நீளம் சீரோ பிரெட்டிலிருந்துதான் கணக்கு. 648 மில்லிமீற்றர் நீளமுள்ள கிட்டாரில் நட் 5 மில்லிமீற்றர் பின்னால் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பிடுங்கியபின் திறந்த தந்தியின் நீளம் 653 ஆகிவிடும். பிரெட்டுகளின் இடமோ மாறாது. திறந்த தந்தியைச் சரியாகச் சுருதி சேர்த்தால், விரல் வைக்கும் ஒவ்வொரு சுரமும் அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாக ஏறி ஒலிக்கும். பிறகு எந்த கோர்ட்டும் சேராது. காசு கொடுத்துக் கெடுத்துக்கொண்டதாகத்தான் முடியும்.

ஒட்டாத பிரிட்ஜுக்கு விளக்கம் வயலினில் இருக்கிறது. வயலின் பிரிட்ஜை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. மண்டோலினும் அப்படியே. இந்த வகைக் கிட்டாரில் தந்திகள் பிரிட்ஜைத் தாண்டி, உடலின் அடிவிளிம்பில் பூட்டிய உலோகத் துண்டில் போய் மாட்டும். ஆறு இரும்புத் தந்திகளின் இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுவையை மெல்லிய மேற்பலகையில் ஒட்டிய பசை தாங்க வேண்டியதில்லை, அடிவிளிம்பு தாங்கிக்கொள்கிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில், லயத்துச் சுவரில் சாய்த்துவைத்த கிட்டாருக்கு இது சின்ன விஷயமில்லை. ஈரத்தில் பசை விடும். பிரிட்ஜ் பிய்ந்து வந்த கிட்டார்களை இந்தப் பக்கம் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஆனால் தந்திகளை ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் கையோடு வந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், அதற்கு முன் பிரிட்ஜ் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். நகர்ந்துவிட்டாலும் பயமில்லை. 12வது பிரெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணிபோல் ஓர் ஒலி வரும். அதே பிரெட்டில் அழுத்தியும் வாசியுங்கள். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து சற்றுத் தள்ளுங்கள். இறங்கி ஒலித்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள். போனில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் செயலி போதும்.

கழுத்து ஸ்குரூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லியோ ஃபெண்டர் 1950இல் சந்தைக்கு விட்ட மின் கிட்டாரின் கழுத்தும் நான்கு ஸ்குரூக்களில்தான் நின்றது. கழுத்துச் சாய்வு மாறினால் கழற்றி, இடையில் மெல்லிய தகடு வைத்துத் திருப்பிப் பூட்டலாம். பசையால் ஒட்டிய கழுத்தில் அதே வேலை பெரிய செலவு.

ஒலித்துளையின் விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் மேற்பலகை பிளைவூட். ஒற்றைப் பலகையின் நாதம் வராது. ஆனால் நம் காலநிலையில் வெடிப்பதும் குறைவு. அந்தத் தம்பிக்கு நான் பிளைவூட்டையே சொல்வேன்.

காசு செலவழிக்க வேண்டிய பழுதுகள் வேறு. ஒட்டிய பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை வீங்கியிருப்பது, உள்ளே தட்டினால் கட்டை ஆடுவது, கழுத்து முறுகியிருப்பது. சீரோ பிரெட்டிலும் ஒரு தேய்மானம் வரும். இரும்புத் தந்திகள் வருடக்கணக்கில் அறுத்து அதில் பள்ளம் விழுந்தால், திறந்த தந்தி மட்டும் இரையும். அப்போது நட்டை உயர்த்திப் பயனில்லை. அந்த ஒரு பிரெட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். விரல் நீளப் பிரெட் கம்பியும் அரை மணி நேர வேலையும்தான்.