எங்கள் வீட்டுக் குறும்பன்

"இந்த வளவுக்குள்ள நாய் வரக்கூடாது." மீள்குடியேறிய நாளிலிருந்து அம்மா சொல்லிவந்த வார்த்தை இது. கிளிநொச்சியில் வேலி அடைத்து, வீடும் கட்டி முடித்த பின்னரும் அவர் மனம் மாறவில்லை. காரணத்தை அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

சென்ற வருட மாரியில் ஒருநாள், வேலை முடிந்து வரும் வழியில், மதகடியில் நனைந்து கிடந்த குட்டியொன்றைத் தூக்கிவந்தேன். "மழை விடும் வரைக்கும்தான் அம்மா" என்றேன். மழை விட்டது. ஜிம்மி போகவில்லை.

அவனுடைய குறும்புகளைச் சொல்லி முடியாது. ஒரு சோடிப் பாட்டாவில் ஒன்று எப்போதும் வாழையடியில்தான் கிடக்கும். அம்மா முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றின் நுனியைக் கவ்வி இழுப்பான். கோழியைத் துரத்திப்போவான், கோழி திரும்பி நின்றதும் அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிப்பான். ஏசினால் முன்னங்கால்களை நிலத்தில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி வாலாட்டுவான். அது பணிவு அல்ல. "விளையாட வாருங்கள்" என்று நாய்கள் விடுக்கும் அழைப்பு. கண்டதையெல்லாம் கடிப்பதற்கும் காரணம் உண்டு. நான்கு மாதமளவில் குட்டிகளின் பாற்பற்கள் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் முளைத்துவிடும். அக்காலத்தில் முரசு உறுத்தும். பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கொடுத்தபின் எங்கள் பாட்டாக்கள் ஓரளவு தப்பின.

ஒரு மாலை அம்மா புட்டு அவித்துவிட்டு, நீத்துப்பெட்டியைத் திண்ணையில் வைத்திருந்தார். தேங்காய்ப்பூ மணத்துக்கு ஜிம்மி தலையை உள்ளே விட்டான். மூக்கு இறுகிவிட்டது. கண் தெரியாமல் முற்றத்தைச் சுற்றி ஓடி, வாழையில் மோதி, பின்பக்கமாக நடந்து அம்மாவின் மடியிலேயே வந்து இருந்தான். அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். 2009இல் அப்பாவை இழந்த பின்னர் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

பெட்டியைக் கழற்றிக்கொண்டே, "வீரனும் இப்பிடித்தான் பிள்ளை, பானைக்குள்ள தலையை விட்டவன்" என்றார். வீரன் எங்கள் பழைய நாய். 2008இல் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரத்தில் அவனுக்கு இடமிருக்கவில்லை. சந்திவரை பின்னால் ஓடிவந்தான். "அவனுக்குச் சோறு வைக்காமல் வெளிக்கிட்டிட்டன். மனிசரே போன இடத்தில நாய்க்கு அழுறதோ எண்டு இருந்திட்டன்" என்றார் அம்மா. பதினைந்து வருடங்களுக்கு மேலாக அவர் வாய்திறந்து சொல்லாதது அது.

வீடுகளுக்குச் செல்லும்போது இத்தகைய கதைகளை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவிழ்த்துவிட்டு வந்த பசுவைப் பற்றிப் பேசவும் பெண்கள் வெட்கப்படுகிறார்கள். சகோதரிகளே, அதுவும் இழப்புத்தான். அதற்காக அழுவதால் இறந்தவர்களுக்கு நாம் குறை வைப்பதாகாது.

நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கியிருக்கும்போது, அன்போடு தொடர்புடைய ஒட்சிற்றோசின் எனும் ஓமோன் இருவரிலும் அதிகரிப்பதாக 2015இல் யப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்காக எல்லோரும் நாய் வளர்க்க வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒரு வாய் கூடினால் ஒரு பிடி சோறும் கூடவேண்டும். வளர்ப்பவர்கள் விசர்நாய்த் தடுப்பூசியைத் தவறாது போடுங்கள். சிறு பிள்ளையை நாயோடு தனியே விடாதீர்கள். விளையாட்டாகப் பல் பட்டாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோயின் அறிகுறி தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது.

இம்முறை தீபாவளிக்கு வெடி கேட்டதும் ஜிம்மி கட்டிலின் கீழ் ஒளித்தான். வழமையாக வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் அம்மா, அன்று நிலத்தில் இருந்து அவன் முதுகைத் தடவினார்.

"பயப்பிடாதையடா, இது சீனவெடிதான்."