குரு ஒருவர் போதுமா?

பட்டம் பெற்று ஆராய்ச்சித் துறையிற் காலடி வைக்கும் பிள்ளைக்கு நாம் வழக்கமாகக் கூறும் புத்திமதி ஒன்றுண்டு: "நல்ல பேராசிரியர் ஒருவரைப் பற்றிக்கொள்; மற்றவை தாமே வரும்." விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாற்றை அறிந்தோர் இதைச் சற்றுத் தயங்கியே கூறுவர்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவர், 1930ஆம் ஆண்டு, தம் பத்தொன்பதாவது வயதிற் கேம்பிறிட்ஜுக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் யாவும் சுருங்கி, வெண்ணிறக் குள்ள விண்மீன்களாகி ஓய்ந்துவிடும் என்பது அக்கால நம்பிக்கை. கப்பலிலே அவர் தொடங்கிய கணிப்பு வேறொன்றைக் காட்டிற்று. எஞ்சிய நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்படின், அவ்விண்மீன் அவ்வாறு ஓய முடியாது; மேலும் மேலும் சுருங்கியே தீரவேண்டும்.

கேம்பிறிட்ஜில் இவ்வேலையில் மிகுந்த அக்கறை காட்டியவர் பேர்பெற்ற வானியலறிஞர் சேர் ஆதர் எடிங்ரன். இளைஞரின் அறைக்கே அடிக்கடி வந்து கணிப்புகளைப் பார்வையிட்டார். 1935 ஜனவரி 11இல் இலண்டனில் நடந்த வானியற் சங்கக் கூட்டத்தில் அவருக்குக் கூடுதல் நேரமும் பெற்றுக்கொடுத்தார். இதனினும் சிறந்த குரு கிடைப்பாரோ? ஆனால், சந்திரசேகர் பேசி அமர்ந்ததும் எழுந்து மறுத்தவரும் அவரே! அம்முடிபின் அடிப்படையே பிழை என்றும், விண்மீன் இத்துணை அபத்தமாக நடந்துகொள்ள இயற்கை இடங்கொடாது என்றும் கூறினார். சபையோர் நகைத்தனர். அறைக்கு வந்துபோன நாட்களில் இம்மறுப்பை அவர் சாடையாகத்தானும் தெரிவித்ததில்லை.

இருபத்துநான்கு வயது இளைஞர் என்ன செய்வார்? வாதாடிப் பகை தேடலாம். மனமுடைந்து ஊர் திரும்பலாம். சந்திரசேகர் கடிதம் எழுதினார். கோப்பன்கேகனிலிருந்த நண்பர் றோசன்பெல்டிடம் நிலைமையை விளக்கி, நீல்ஸ் போரின் கருத்தையும் அறிந்து தருமாறு வேண்டினார். எடிங்ரனின் வாதத்திற் பொருளில்லை என்று மறுமொழி வந்தது. பவுலியும் அவ்வாறே கருதினார். எனினும் போரோ பவுலியோ இதனைப் பகிரங்கமாகக் கூற முன்வரவில்லை. அம்மேதைகளிடம் எமக்கு மதிப்புண்டு. ஆயினும் இம்மௌனத்தை நாம் மெச்சுவதற்கில்லை. சந்திரசேகரிலும் மூன்றே வயது மூத்த றுடோல்ப் பையர்ல்ஸ் 1936இல் அவர் பக்கத்து நியாயத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். சம வயதினரின் துணையை நம் பிள்ளைகள் அற்பமாக எண்ணுவது ஏனோ?

1937இல் சந்திரசேகர் அமெரிக்கா சென்றார். 1939இல் தம் முடிபுகளை நூலாக்கிவிட்டு வேறு ஆராய்ச்சிக்குத் திரும்பினார். எடிங்ரனோடு கொண்ட நட்பை அவர் முறித்துக்கொள்ளவில்லை. நோபல் பரிசு 1983இலேதான் வந்தது.

இன்று பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ ஆராய்ச்சி தொடங்கும் மாணவர் தம் மேற்பார்வையாளரை மதித்து நடப்பது முறையே. அவரோடு, வேற்றூரில் ஒருவரையும் அயல்துறையில் ஒருவரையும் தேடிக்கொள்ளட்டும். முன்பின் அறியாதவருக்கு எழுதக் கூச்சம் வேண்டாம். ஆனால், "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று மட்டும் எழுதினால், வேலை மிகுந்தவர் மறுமொழி தருவது அரிது. செய்த வேலையைச் சுருக்கமாகக் கூறி, எந்தப் படியில் ஐயம் எழுகிறதென்று சுட்டிக் கேட்டால், அவர் பேனாவை எடுக்கக்கூடும்.