டீச்சருக்கு ‘டெட்’ தேர்வு... பள்ளிக்கு யார் வைப்பது? - வடசென்னைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்!

இருபது வருடங்களாகப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்த ஆசிரியர்கள், இப்போது தாங்களே ஹால் டிக்கெட்டோடு தேர்வறைக்குப் போகிறார்கள். காரணம், 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு.

ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்துபவர்கள், எந்த வருடம் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறியிருக்க வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. ஓய்வு பெற ஐந்து வருடங்களுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருட அவகாசம். அதற்குள் தேறாவிட்டால் வேலையை விட வேண்டும். ஓய்வுக்கு ஐந்து வருடங்களுக்கும் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமல் தொடரலாம். ஆனால், பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கிறிஸ்தவ நிர்வாகங்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் பல இருக்கிற ராயபுரம் பகுதிக்கு அந்தக் கேள்வியும் முக்கியமானது.

தீர்ப்பை எதிர்த்து தமிழக அரசே சீராய்வு மனு போட்டது. ஆசிரியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. “வேலைக்குச் சேரும்போது இல்லாத நிபந்தனையை இத்தனை வருடம் கழித்து வைப்பது என்ன நியாயம்?” என்பது ஆசிரியர்கள் தரப்பு. “பாடம் நடத்துகிறவர் ஒரு தகுதித் தேர்வில் தேறக் கூடாதா?” என்பது இன்னொரு தரப்பு.

இரண்டுக்கும் நடுவே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நிற்கிற பெற்றோருக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. ‘டீச்சர் தேர்வில் பாஸாகிவிட்டால், என் பிள்ளை நன்றாகப் படித்துவிடுமா?’

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பகல் ஏது, இரவு ஏது? இந்தப் பகுதியில், பள்ளிக்கூடத்தில் புரியாததை வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள் நிறைய பேர். வசதியான வீடுகளில் ஆசிரியர் விட்டதை டியூஷனோ, படித்த பெற்றோரோ ஈடுகட்டிவிடுவார்கள். இங்கே அந்த ஆசிரியர்தான் எல்லாம். அவர் சரியாக நடத்தவில்லை என்றால், அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இல்லை.

ஒன்றரை மணி நேரமும் 2,448 பேரும்

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சில், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது.

தமிழ்நாட்டில் முதல் டெட் தேர்வு 2012 ஜூலை 12-ல் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

‘நம் ஆசிரியர்கள் லட்சணம் இதுதான்’ என்று அப்போது பலர் பேசினார்கள். ஆனால், 150 கேள்விகளுக்கு அன்றைக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை மணி. ஒரு கேள்வியைப் படித்து, யோசித்து, விடையைக் குறிக்க முப்பத்தாறு விநாடி. அக்டோபரில் நடந்த மறுதேர்வில் மூன்று மணி நேரம் கொடுத்தார்கள். தேறியவர்கள் பல மடங்கு கூடினார்கள். மூன்று மாதத்தில் ஆசிரியர்களின் அறிவு பல மடங்கு வளர்ந்துவிடவில்லை; தேர்வு மாறியது.

அதற்காகத் தேர்வே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கான முதல் தாளில் குழந்தை வளர்ச்சி, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். பின்னம் தெரியாதவர் பின்னம் நடத்த முடியாது. அந்த அளவுக்குத் தேர்வு அவசியம். ஆனால், கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பின்னத்தை அவர் பொறுமையாகப் புரியவைப்பாரா என்பதை எந்த ஓ.எம்.ஆர் ஷீட்டும் சொல்லாது.

அமெரிக்கா பட்ட பாடு

நமக்கு முன்பே இந்தப் பாதையில் வேகமாகப் போன நாடு அமெரிக்கா. 2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ், ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு பிள்ளைகூடப் பின்தங்கக் கூடாது என்பது நோக்கம். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வருடா வருடம் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேர்வு. முன்னேற்றம் காட்டாத பள்ளிகள் மீது நடவடிக்கை. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேறியிருக்க வேண்டும் என்பது இலக்கு.

அடுத்து வந்த ஒபாமா அரசு, 2009-ல் 400 கோடி டாலருக்கும் மேலான நிதியோடு ஒரு போட்டித் திட்டத்தை அறிவித்தது. பிள்ளைகளின் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்பதை வைத்து ஆசிரியரை மதிப்பிடும் மாநிலங்களுக்கு அதில் கூடுதல் வாய்ப்பு. 2010-ல் ‘லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ்’ நாளிதழ், சுமார் 6,000 ஆசிரியர்களைப் பெயரோடு தரம் பிரித்து வெளியிட்டது.

என்ன ஆயிற்று? அட்லாண்டா நகரில் மாணவர்களின் விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்தியது அம்பலமானது. 2011-ல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் 178 ஆசிரியர்கள், தலைமையாசிரியர்களின் பெயர்கள் இருந்தன. மதிப்பெண் வராவிட்டால் வேலை போகும் என்ற பயம், பாடம் நடத்துவதற்குப் பதில் அழிரப்பரைக் கையில் எடுக்க வைத்தது.

2014-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், மாணவர்களுக்கு இடையிலான மதிப்பெண் வித்தியாசத்தில் ஆசிரியரால் வருவது 1 முதல் 14 சதவிகிதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகச் சொன்னது. மீதியில் வீடு, வறுமை, உடல்நலம், பள்ளியின் சூழல் எல்லாம் இருக்கின்றன. 2015 டிசம்பரில் வந்த புதிய சட்டம், மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை எடைபோடச் சொல்லும் மத்திய அரசின் வற்புறுத்தலைக் கைவிட்டது.

மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஆசிரியரை அளந்தால் இதுதான் நடக்கும். அதே சமயம், யாருமே கேட்காமல் விட்டாலும் ஆபத்துதான். அதற்கு உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

நால்வரில் ஒருவர் வகுப்பில் இல்லை

2003-ல் உலக வங்கியும் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தியா முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்தார்கள். நூற்றுக்கு 25 ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. தமிழ்நாட்டில் 21 பேர்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. சம்பளம் கூடுதலாக வாங்குகிற ஆசிரியர்கள் குறைவாக லீவு எடுக்கவில்லை. ஆனால், கல்வி அதிகாரிகள் அடிக்கடி ஆய்வுக்கு வந்த பள்ளிகளிலும், கட்டடம், கழிவறை போன்ற வசதிகள் நன்றாக இருந்த பள்ளிகளிலும் ஆசிரியர்கள் கூடுதலாக வந்திருந்தார்கள். அதாவது, கவனிக்க ஆள் இருக்க வேண்டும். வேலை செய்ய இடமும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டெட் தேர்வைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆசிரியரின் கடமைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. தவறாமல், நேரத்துக்குப் பள்ளிக்கு வர வேண்டும். பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்படும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லித்தர வேண்டும். பெற்றோரைத் தொடர்ந்து சந்தித்து, பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது 28-ம் பிரிவு.

அரசுக்கும் கடமைகள் உண்டு. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கு அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது. இதில் தேர்தல் பணியே எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பதற்கு 2025 நவம்பரே சாட்சி. 15, 16 தேதிகளில் டெட் தேர்வு. அதே மாதம் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் பணியும் நடந்தது. ஒரு பக்கம் தேர்வுக்குப் படிப்பு, இன்னொரு பக்கம் படிவத்தோடு வீடு வீடாக அலைச்சல் என்று ஆசிரியர்கள் பலர் தவித்தார்கள். அந்த வாரங்களில் வகுப்பில் பாடம் எப்படி நடந்திருக்கும்?

ஆசிரியரிடம் கேள்வி கேட்கிற அதே குரலில், அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்ததா என்றும் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது யார்?

நாம்தான். ‘பள்ளி மேலாண்மைக் குழு’ என்ற அமைப்பு ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும், மாநகராட்சிப் பள்ளியிலும் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், பள்ளிக்கான வளர்ச்சித் திட்டம் போடுவதும், வந்த நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் குழு உண்டு. அங்கே ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான். தனியார் சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்த விதி இல்லை.

தமிழ்நாட்டில் 2022-ல் இந்தக் குழுக்களை மறுபடி உயிர்ப்பித்தார்கள். 2024-ல் மீண்டும் புதுப்பித்தார்கள். கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில். சிக்கலே அங்கேதான். பிற்பகல் ஷிப்ட்டில் இருக்கிற அப்பாவும், அரை நாள் விட்டால் கூலி போகிற அம்மாவும் எப்படி வருவார்கள்? வர முடியாதவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கூட்டம் அதிகம் தேவை. மாதம் ஒரு முறையாவது மாலையிலோ, விடுமுறை நாளிலோ கூட்டுங்கள் என்று பெற்றோர் சேர்ந்து எழுதிக் கொடுப்பதிலிருந்து தொடங்கலாம்.

கூட்டத்தில் என்ன கேட்கலாம்?

* என் பிள்ளையின் வகுப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரா? காலியிடம் என்றால் எத்தனை மாதமாக?

* என் பிள்ளை தன் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறதா? கழித்தல், வகுத்தல் கணக்கு போடுகிறதா? ரேங்க் வேண்டாம், இதைச் சொல்லுங்கள்.

* பின்தங்கியிருந்தால், கூடுதலாகச் சொல்லித்தர என்ன ஏற்பாடு?

* ஆசிரியர்கள் வேறு பணிக்குப் போகும் நாள்களில் வகுப்பை யார் பார்க்கிறார்கள்?

* வாயு நெடி வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவீர்கள்? 2023 டிசம்பரில் எண்ணூர் அமோனியா கசிவு, 2024 அக்டோபரில் திருவொற்றியூர் தனியார் பள்ளி ஒன்றில் மாணவிகள் மயங்கியது... இதற்குப் பிறகும் இதைக் கேட்காமல் இருக்கலாமா?

* டீச்சர், உங்களுக்கு என்ன தேவை?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். குற்றம் சொல்ல வந்த கூட்டத்தை, சேர்ந்து வேலை செய்கிற கூட்டமாக மாற்றுவது அதுதான்.

பதில் கிடைக்கவில்லை என்றால், 32-ம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால், குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

டெட் வழக்கு என்ன ஆகும் என்பதை நீதிமன்றமும் அரசும் முடிவு செய்யட்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று நாளை காலை கேட்டில் விடும்போதே கேட்டு வந்துவிடுங்கள். நீங்கள் போக முடியாவிட்டால் பாட்டியையோ, பக்கத்து வீட்டு அக்காவையோ அனுப்புங்கள். மேலே உள்ள கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.