தெலங்கானாவில் ஒரு 'சின்ன'ப் பிரச்னை

ஹைதராபாதில் ஏதேனும் ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்காகக் காத்து நிற்கும் வாகனங்களின் எண் பலகைகளைக் கவனித்தால், அந்த மாநிலத்தின் அண்மைக்கால அரசியல் வரலாறு தெரிந்துவிடும். பழைய வாகனங்களில் 'ஏ.பி.' என்றிருக்கும். அவை ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச காலத்தவை. 2014 ஜூன் மாதத்துக்குப் பிறகு வாங்கியவற்றில் 'டி.எஸ்.' என்றும், 2024 மார்ச் மாதத்துக்குப் பிறகு வாங்கியவற்றில் 'டி.ஜி.' என்றும் இருக்கும். ஊரும் சாலையும் ஒன்றுதான். பத்தாண்டுகளில் எழுத்துகள் மட்டும் இரண்டு முறை மாறிவிட்டன.

எண் பலகை மாற்றத்தை மக்கள் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. தனி மாநிலப் போராட்டம் உச்சத்தில் இருந்த நாள்களில் இளைஞர்கள் தங்கள் வாகனங்களில் 'ஏ.பி.'யை அழித்துவிட்டுத் தாங்களாகவே எழுதிக் கொண்டது 'டி.ஜி.' என்ற எழுத்துகளைத்தான். எனவே, அதில் ஒரு நியாயம் இருப்பதாகப் பலரும் கருதினர். ஆனால், அதே வேகத்தில் மாநில அரசின் சின்னத்தையும் மாற்றப் புறப்பட்டபோதுதான் முதல்வர் ரேவந்த் ரெட்டி எதிர்பாராத எதிர்ப்பைச் சந்திக்க நேர்ந்தது.

2023 டிசம்பர் 7-ஆம் தேதி காங்கிரஸ் ஆட்சி பொறுப்பேற்றது. இரண்டு மாதங்கள்கூட முழுமையாகக் கழியவில்லை. 2024 பிப்ரவரி 4-ஆம் தேதி கூடிய அமைச்சரவை, ஒரே கூட்டத்தில் மாநிலத்தின் அடையாளங்கள் அனைத்தையும் கையிலெடுத்தது. கவிஞர் அந்தெஸ்ரீ எழுதிய 'ஜய ஜய ஹே தெலங்கானா' மாநிலப் பாடலாக அறிவிக்கப்படும். 'தெலங்கானா தல்லி' எனப்படும் தெலங்கானா தாயின் சிலை மாற்றியமைக்கப்படும். வாகனப் பதிவு எழுத்து மாறும். அரசுச் சின்னமும் மாறும் என முடிவு செய்யப்பட்டது.

அந்தச் சின்னத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? ஓவியர் ஏலே லக்ஷ்மண் வடிவமைத்து, 2014-இல் மாநிலம் பிறந்தபோது ஏற்கப்பட்ட வட்ட வடிவச் சின்னம் அது. வாரங்கல் கோட்டையில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் காகதீயர் காலத்துக் கல் தோரணம், அதனுள்ளே ஹைதராபாதின் சார்மினார், மேலே சாரநாத் சிங்கங்கள், சுற்றிலும் தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் அரசின் பெயர். தோரணத்துக்குள் சார்மினாரை வைத்ததில் ஓர் அரசியல் இருந்தது. வடக்கே வாரங்கலின் காகதீயப் பேரரசையும், தெற்கே 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா எழுப்பிய நகரத்தையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவந்த ஏற்பாடு அது.

புதிய ஆட்சியின் வாதம் வேறு. தோரணமும் சார்மினாரும் மன்னராட்சியின் சின்னங்கள். மக்களாட்சியில், அதிலும் மக்கள் போராட்டத்தால் பிறந்த மாநிலத்தில் அவற்றுக்கு இடமில்லை. உயிர்நீத்த தியாகிகளே சின்னத்தில் இடம்பெற வேண்டும் என்றார் முதல்வர். பழங்குடியினரின் வீரத் தெய்வங்களான சம்மக்கா, சாரலம்மா காகதீயப் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்டதாக வழங்கும் வரலாறும் இவ்வாதத்துக்குத் துணை சேர்ந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மேடாரத்தில் அவர்களுக்காகக் கூடும் திருவிழாவை அறிந்தவர்கள் இதை வெறும் மேடைப் பேச்சு என்று ஒதுக்கிவிட மாட்டார்கள்.

ஓவியர் ருத்ர ராஜேசத்திடம் புதிய சின்னத்தை வரையும் பணி ஒப்படைக்கப்பட்டது. 2024 மே மாதக் கடைசியில் சில மாதிரிகள் வெளியே கசிந்தன. தோரணமும் சார்மினாரும் இருந்த இடத்தில் தியாகிகள் நினைவுத் தூண் காணப்பட்டது. மாநிலம் உருவானதன் பத்தாம் ஆண்டு நிறைவான ஜூன் 2-ஆம் தேதி அது வெளியிடப்படும் என்று பேச்சு எழுந்தது.

வாரங்கலில் முதலில் குரல் கேட்டது. அங்குள்ளவர்களுக்குக் காகதீயர் என்றால் அரண்மனையும் படையும் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. ஏரிகளும் நினைவுக்கு வரும். பாகாலும் இலக்னவரமும் ராமப்பா ஏரியும் அவர்கள் காலத்தில் வெட்டப்பட்டவை. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நீரால் விளையும் வயல்கள் உண்டு. ராமப்பா கோயில் 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டதைத் தங்கள் மாவட்டங்களுக்குக் கிடைத்த மரியாதையாகவே மக்கள் கொண்டாடினர். எல்லாமே ஹைதராபாதுக்குத்தான் என்ற மனக்குறை நெடுங்காலமாக உள்ள பகுதி அது. தலைநகரின் அரசுத் தாள்களில் தங்கள் ஊருக்கென இருந்த ஒரே இடத்தையும் எடுத்துவிட்டால், அந்த மனக்குறை எப்படி வளரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஹைதராபாதின் பழைய நகரத்தில் கவலை வேறு வகையானது. சார்மினார் ஒரு மதத்தின் அடையாளம் அன்று. நிஜாம் காலத்து நாணயங்களில் தொடங்கி உணவு விடுதிப் பெயர்ப் பலகைகள் வரை அந்நகரத்தின் கையெழுத்தே அதுதான். ஆனால், உருதும் தெலுங்கும் கலந்து பேசும் அப்பகுதி மக்களுக்கு, அரசுச் சின்னத்தில் சார்மினார் இருப்பது தாங்களும் இம்மாநிலத்தின் பங்காளிகளே என்பதற்கான சான்று. அதை எடுப்பவர் எந்தக் காரணம் சொன்னாலும், எடுக்கப்பட்டவரின் காதில் அது வேறு மாதிரிதான் விழும்.

மே 30-ஆம் தேதி பாரத ராஷ்டிர சமிதியின் செயல் தலைவர் கே.டி. ராமராவ் சார்மினார் முன்பு வந்து நின்று போராட்டம் நடத்தினார். வரலாற்றை அழிக்கிறார்கள், முன்னாள் முதல்வர் கே. சந்திரசேகர ராவ் மீதுள்ள காழ்ப்புணர்ச்சியால் அவர் காலத்துச் சுவடுகளை எல்லாம் துடைக்கிறார்கள் என்பது அக்கட்சியின் குற்றச்சாட்டு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தெலங்கானாவின் பெயரிலேயே பிறந்து வளர்ந்த தெலங்கானா ராஷ்டிர சமிதி, தேசிய அரசியல் ஆசையில் 2022-இல் தன் பெயரிலிருந்து 'தெலங்கானா'வை நீக்கிவிட்டு 'பாரத'த்தைச் சேர்த்துக் கொண்டது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சியை இழந்தது. இழந்த மண்வாசனையை மீட்க அதற்குக் கிடைத்த வாய்ப்பாகச் சின்ன விவகாரம் அமைந்தது. அந்த வாய்ப்பைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தது காங்கிரஸ்தான்.

செலவு யார் கணக்கில்?

ஒரு சின்னத்தை வரைய ஆகும் செலவு அற்பம். அதைப் பரப்ப ஆகும் செலவுதான் பெரிது. தலைமைச் செயலகம் முதல் கிராமப் பஞ்சாயத்து வரை முத்திரைகள், கடிதத் தாள்கள், பெயர்ப் பலகைகள், அடையாள அட்டைகள், சான்றிதழ்கள், பாடநூல் அட்டைகள், பேருந்துகள், இணையதளங்கள் என எல்லாமே மாற வேண்டும். 'டி.எஸ்.' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'டி.ஜி.' என்று எழுத 2024 மே மாதம் எல்லாத் துறைகளுக்கும் உத்தரவு சென்றது. போக்குவரத்துக் கழகமும் அம்மாதமே பெயரை மாற்றிக் கொண்டது. இந்தச் செலவு ஆங்காங்கே துறைக் கணக்குகளில் கரைந்துவிடுவதால், மொத்தம் எவ்வளவு என்று ஒரு சாதாரண வாக்காளரால் அறிய முடியாது.

மக்களின் எரிச்சலுக்குக் காரணம் தொகை மட்டுமன்று, அது வந்த நேரமும்தான். மாநிலத்தின் கடன் சுமை ரூ.6,71,757 கோடி என்று 2023 டிசம்பரில் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, கஜானா காலி என்று அறிவித்தது இதே அரசு. தேர்தலில் அளித்த ஆறு உத்தரவாதங்களில் பல அப்போது நிறைவேறாமல் இருந்தன. கஜானா காலி என்று சொல்லும் வீட்டில் வாசல் கதவுக்குப் புதுச் சித்திரம் எதற்கு என்று கேட்பது இயல்புதானே?

கேட்டவர்களின் முந்தைய கணக்கும் சுத்தமானதன்று. பழைய தலைமைச் செயலகத்தை இடித்துவிட்டு ரூ.600 கோடிக்கு மேல் செலவிட்டுப் புதிய மாளிகை எழுப்பியது சந்திரசேகர ராவ் அரசு. அதன் அருகிலேயே ரூ.177 கோடிக்கு மேற்பட்ட செலவில் துருப்பிடிக்காத எஃகில் அகல்விளக்கு வடிவில் தியாகிகள் நினைவகம் 2023 ஜூனில் திறக்கப்பட்டது. சட்டப்பேரவைக்கு எதிரே கன் பார்க்கில் 1969 போராட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களுக்காக மக்களே முன்னின்று எழுப்பிய பழைய நினைவுத் தூண் இருக்கும்போதே இது கட்டப்பட்டது. தியாகிகளை நினைப்பதில்கூட ஒவ்வொரு ஆட்சிக்கும் தனித் தூண் தேவைப்படுகிறது போலும்.

பாடலும் இந்தச் சுழலில் இருந்து தப்பவில்லை. பள்ளிக்கூடமே செல்லாத அந்தெஸ்ரீ, இயக்க நாள்களில் எழுதிய பாடல் அது. ஒவ்வொரு கூட்டத்திலும் பாடப்பட்ட அதற்கு, மாநிலம் அமைந்த பிறகு பத்தாண்டுகள் அரசு அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்ததை மாற்றுக் கட்சியினரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இசையமைப்புப் பணி, தமிழ் ரசிகர்கள் மரகதமணி என்று அறிந்த கீரவாணியிடம் அளிக்கப்பட்டதும், ஆந்திரத்தைச் சேர்ந்தவருக்கு ஏன் என்று உள்ளூர்த் திரை இசைக் கலைஞர்களின் சங்கம் முதல்வருக்குக் கடிதம் எழுதியது. ஆஸ்கர் விருது பெற்றவர் என்ற பெருமைகூட அங்கே எடுபடவில்லை. ஆந்திரத்தவரின் ஆதிக்கத்தை எதிர்த்துப் பெற்ற மாநிலம் என்ற நினைவு இன்னும் ஆறவில்லை என்பதையே இது காட்டியது.

எதிர்ப்பு வலுத்ததும் அரசு பின்வாங்கியது. தோழமைக் கட்சித் தலைவர்களுடன் நடந்த ஆலோசனைக்குப் பிறகு, சின்னம் குறித்து இருநூறுக்கும் மேற்பட்ட யோசனைகள் வந்திருப்பதால் விரிவான கலந்தாலோசனை தேவை எனக் கூறி வெளியீடு ஒத்திவைக்கப்பட்டது. ஜூன் 2-ஆம் தேதி பாடல் மட்டும் வெளியானது. அந்த நாளுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் ஹைதராபாத் பொதுத் தலைநகர் என்று 2014 மறுசீரமைப்புச் சட்டம் வகுத்த பத்தாண்டுக் கெடு அன்றுதான் முடிந்தது. ஹைதராபாத் முழுமையாகத் தெலங்கானாவுக்கே சொந்தமான நாளில், ஹைதராபாதின் அடையாளத்தைச் சின்னத்திலிருந்து அகற்றியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

கலந்தாலோசனை முதலிலேயே நடந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் பெற்ற மாநிலத்தின் முகத்தை, சிலர் கூடிய ஓர் அறையில் மாற்ற முயன்றதே இவ்விவகாரத்தின் மூல தவறு. சட்டப்பேரவையில் ஒரு விவாதம் வைத்து, வாரங்கல், பழைய நகரம், பழங்குடிப் பகுதி மக்கள் என எல்லாத் தரப்பையும் அழைத்துக் கேட்டிருந்தால், தோரணத்தோடு தியாகிகள் தூணும் இடம்பெறும் ஒரு வடிவம்கூட உருவாகியிருக்கலாம். 2014-இல் சந்திரசேகர ராவும் யாரையும் கேட்கவில்லை என்று காங்கிரஸார் சொல்வது உண்மையே. அப்போது எழாத கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம், இடைப்பட்ட பத்தாண்டுகளில் அச்சின்னம் கட்சியின் கையைவிட்டு மக்களின் ரேஷன் அட்டைக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டதுதான்.

தில்லியின் பங்கும் இதில் உண்டு. தேசியச் சின்னமான சிங்க முகங்களைச் சேர்த்துத் தன் சின்னத்தை வடிவமைக்கும் எந்த மாநிலமும், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2007-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, மத்திய அரசின் முன் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். மாநில அடையாளங்களுக்குத் தில்லியில் எத்தகைய வரவேற்பு கிடைக்கும் என்பதற்குக் கர்நாடகமே சாட்சி. 2018 மார்ச்சில் அன்றைய முதல்வர் சித்தராமையா மஞ்சள், வெள்ளை, சிவப்பு வண்ணங்களில் மாநிலக் கொடியை வெளியிட்டு ஒப்புதலுக்கு அனுப்பினார். அது அனுப்பியதோடு நின்றது.

தெலங்கானா தாய் விஷயத்தில் அரசு பின்வாங்கவில்லை. 2024 டிசம்பர் 9-ஆம் தேதி தலைமைச் செயலக வளாகத்தில் புதிய சிலை திறக்கப்பட்டது. பழைய சிலையின் கிரீடமும் நகைகளும் போய், பச்சைச் சேலை உடுத்திய கிராமத்துப் பெண்ணாக அவள் நின்றாள். கையில் நெல், சோளம், கம்புக் கதிர்கள் இருந்தன. பூக்களால் அடுக்கும் பதுகம்மாவைக் காணோம். கிரீடம் போனதைப் பற்றி யாரும் அதிகம் வருந்தவில்லை. ஆனால், ஆண்டுதோறும் பதுகம்மாவைத் தலையில் சுமந்து ஏரிக்கரைக்குச் செல்லும் பெண்களின் கையிலிருந்து அதைப் பறித்தது ஏன் என்ற கேள்வி ஊர் ஊராக எழுந்தது.

சின்னம் ஒத்திவைக்கப்பட்ட சில மாதங்களில், வாரங்கல் மாநகராட்சி அலுவலகத்தின் முன்பு வைக்கப்பட்ட ஒரு பதாகையில் தோரணமும் சார்மினாரும் இல்லாத, அரசு இன்னும் அறிவிக்காத சின்னம் இடம்பெற்றது. காகதீயரின் தலைநகரிலேயே இப்படி நடந்ததை எதிர்க்கட்சி விடவில்லை. அதிகாரபூர்வமற்ற சின்னத்தை அரசு அலுவலகம் பயன்படுத்தலாமா என்று ராமராவ் கேட்டார். அந்த அலுவலகத்திலிருந்து அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. கோட்டைக்குள் நான்கு திசைகளிலும் அந்தக் கல் தோரணங்கள் நிற்கின்றன.